வெர்னா விட்டுவைத்த மண்

விக்டோரியா நகரத்துப் பூங்காக்களில் மண் கொத்தியே என் இடுப்பு போய்விட்டது. எங்கள் குடும்பத்துக் காமாஸ் கிழங்குப் பாத்தியை இந்தக் கோடையில் கிளறாவிட்டால் புல் மூடி அழிந்துவிடும். கொழுந்தியாள் டார்லீன் உதவிக்குக் கப்பலேறி வந்தாள்.

போனால், பாத்தி கிளறியிருந்தது. பெரிய கிழங்குகளை எடுத்துவிட்டு, சிறியவற்றை எங்கள் பழங்குடி வழக்கப்படி திரும்பப் புதைத்திருந்தது. குழிதோறும், கிழங்கு தோண்டும் முனை பிளந்த கோலின் தடம்.

இறந்த என் மனைவி வெர்னாவின் கோல் அது. அவளுக்குப் போய்ச் சேரட்டும் என்று, சாப்பாட்டுத் தட்டோடு போன வருஷம் நாங்கள்தான் எரித்தோம்.

“அக்கா உங்கள நம்பல, அத்தான்!” டார்லீன் சிரித்தாள்.

“என்னைக்கு நம்பினா?”

வழக்கமான கல்லில் உட்கார்ந்தேன். அங்கிருந்து என் கை எட்டும் தூரத்து மண்ணை மட்டும் கிளறாமல் விட்டிருந்தாள்.