ஷிஜி ரைட் சொல்லவில்லை

"இழுக்காதீங்க. இழுத்தா இன்னும் பின்னிக்கிடும்."

"பின்ன எப்படிப் பிடிக்க?"

"பிடிக்கவே வேண்டாம். கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. அவளா விடுவா."

எக்ஸ்ரே அறையின் வாசலுக்கு வெளியே நின்றபடியே பிரதீபா சொல்லிக்கொடுத்தாள். உள்ளே அவள் கணவன் ஜின்சன், கழுத்திலிருந்து முழங்கால்வரை தொங்கும் ஈய அங்கியைச் சுமந்துகொண்டு நின்றான்.

மேசையில் அவர்கள் மகள் ஷிஜி மல்லாந்து படுத்திருந்தாள். ஏழு வயது. பெருமூளை வாதத்தோடு பிறந்தவள். இரண்டு கால்களும் கத்தரிக்கோலைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

எப்போதும் பிரதீபாதான் உள்ளே வருவாள். இன்று, காய் எடுத்து எடுத்து மணிக்கட்டு வீங்கிவிட்டது என்றாள். ஏலக்காய் அறுவடைக் காலத்தில் யாருக்குத்தான் வீங்காது. ஜின்சன் நம்பினான்.

"ஒண்ணும் ஆகாது. நல்லா வரும் பாருங்க" என்றாள் அவள். அவள் எதைச் சொன்னாலும் ஏற்கெனவே நடந்துமுடிந்ததைச் சொல்வதுபோலத்தான் இருக்கும்.

எக்ஸ்ரே எடுக்கும் சிஜு கதவைச் சாத்தினான். "சேட்டா, முட்டு ரெண்டும் நேரே மேலே பாக்கணும். போன தடவை மாதிரி சாஞ்சா டாக்டர் அளக்க முடியாது."

போன தடவை அவசரத்தில் பிரதீபாவே இழுத்துப் பிடித்துவிட்டாள். படம் கோணலாக வந்தது. ஷிஜியின் இடுப்புக் கிண்ணத்திலிருந்து தொடை எலும்பின் பந்து எவ்வளவு நழுவியிருக்கிறது என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. இறுகிய தசைகள் அதை நாளுக்கு நாள் வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். வலி என்று குழந்தை அழும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். நேரான ஒரு படம் கிடைத்தால் போதும், செய்ய வேண்டியதைச் செய்யலாம் என்றார் டாக்டர்.

ஜின்சனுக்கு அது உடனே புரிந்திருந்தது. அவன் ஓட்டும் ஜீப்பின் ஸ்டியரிங்கிலும் அப்படி ஒரு பந்து, ஒரு கிண்ணம் உண்டு. பந்து கழன்ற வண்டிகளை மலைப்பாதை ஓரத்தில் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து புது டயர், இன்னொரு பிள்ளை, எந்தப் பேச்சு வந்தாலும் "மொதல்ல இவ படம் வரட்டும்" என்றுதான் சொல்வான்.

அவன் ஷிஜியின் முழங்கால்களின்மேல் கைகளை வைத்தான். மரக்கட்டைபோல் இருந்தன. கை பட்டதும் இன்னும் இறுகின.

பிரதீபா என்ன செய்வாள்? ஏதாவது பேசுவாளாக இருக்கும். அவனுக்குக் கதை தெரியாது. தெரிந்தது ஜீப் மட்டும்தான்.

"கம்பம்மெட்டு வந்தாச்சு" என்றான். "ஏறுங்க ஏறுங்க. கோமதி அக்கா, முன்னாடி."

ஷிஜியின் கண்கள் அவன் பக்கம் திரும்பின.

சனிக்கிழமைகளில் அவளும் ஜீப்பில் வருவாள். கம்பத்திலிருந்து வேலைக்கு வரும் பெண்களைக் கேரள எல்லையான கம்பம்மெட்டில் ஏற்றிச் சக்குபள்ளம் தோட்டத்தில் இறக்கவேண்டும். எட்டுப் பேருக்கான வண்டியில் பதினாலு பேர். முன்சீட்டில் அம்மாவின் மடியில் இருக்கும் ஷிஜி "ரைட்" என்று சொன்னால்தான் அவன் கியர் போடுவான். அவள் மனதில் தலை எண்ணாமல் சொல்லமாட்டாள்.

"ராமுத்தாய் அத்தை, சாப்பாட்டுத் தூக்கை மடியில வையி. செல்வலட்சுமி, நீ பின்னாடி. எலே பாண்டீஸ்வரா, ஆம்பளைக்கு என்னலே சீட்டு? தொங்கு!"

ஷிஜி சிரித்தாள். சிரித்தபோது மூச்சு நீளமாக வெளியே போனது.

அவன் உள்ளங்கைகளுக்குக் கீழே ஏதோ கரைந்தது. முதலில் வலது கால். பிறகு, கொஞ்சம் யோசித்துவிட்டு, இடது. கால்கள் தாமாகப் பிரிந்தன. முட்டிச்சில்லுகள் இரண்டும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தன.

அவன் மூச்சுவிடாமல் நின்றான்.

இயந்திரம் ஒருமுறை முனகியது.

"கிட்டிப்போச்சு சேட்டா!" தடுப்புக்குப் பின்னாலிருந்து சிஜு கத்தினான். "நேர் படம். ஸ்கேல் வச்ச மாதிரி!"

ஜின்சனுக்கு அந்தப் பத்துக் கிலோ அங்கி திடீரென்று சட்டையைப்போல லேசானது. குனிந்து மகளின் நெற்றியைத் தன் நெற்றியால் முட்டினான்.

"எல்லாரும் ஏறியாச்சு. ரைட் சொல்லு பாப்பா, போவோம்."

ஷிஜி சொல்லவில்லை. தலையை இப்படியும் அப்படியும் உருட்டினாள். வார்த்தை அவளிடமிருந்து வர நேரமாகும். அவன் காத்திருந்தான்.

"இன்னும்... ஒரு ஆளு."

"யாரு? பாண்டீஸ்வரன்கூடத் தொங்கியாச்சே."

"சின்ன ஆளு." அவள் கண்கள் கதவுக்குப் போயின. "அம்மா... வயித்துல."

கதவின் சதுரக் கண்ணாடிக்கு அப்பால் பிரதீபா நின்றிருந்தாள். வீங்கியதாகச் சொன்ன கையைச் சுழற்றி, என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டாள். மணிக்கட்டு நன்றாகவே சுழன்றது.

உள்ளே வரும்போது அந்தக் கதவில் பார்த்த சிவப்புப் படம் இப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. வயிறு பெருத்த ஒரு பெண். அவள்மேல் குறுக்காக ஒரு கோடு.

அவன் கைகள் இன்னும் ஷிஜியின் முழங்கால்களின்மேல்தான் இருந்தன. அவள் கால்கள் மறுபடி இறுகவில்லை.

ஷிஜி அவன் அங்கியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா... எல்லாரையும்... கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுப்பா."