இனி வேண்டாம் என்ற பொத்தான்

அக்காவின் போனில் இடமில்லை. தம்பி வந்ததும் வராததுமாக அவன் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"உள்ள கிடக்கிற குப்பையெல்லாம் அள்ளிக் கொட்டுடா. உங்க லேப் ஆஃபர் தொல்லை தாங்காம, அங்கேருந்து வர்றதையெல்லாம் ஸ்பாம்னு தள்ளிட்டேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் வேலை பார்க்கும் பரிசோதனை நிலையத்தின் விளம்பர மெயில் எல்லாம் அவன் கைவண்ணம்தான். ஒருமுறை அங்கே ஊசி குத்திக்கொண்டவருக்கு ஆயுளுக்கும் மெயில் வரும். வேண்டுமா என்று யாரையும் கேட்டதில்லை. அடியில் 'இனி வேண்டாம்' என்று ஒரு பொத்தான் இருந்தது. ஆளாளுக்கு அதை அழுத்திவிட்டு ஓடுகிறார்கள் என்று அதையும் தூக்கிவிட்டான்.

விளம்பரத்துக்குத் தனி மெயில் முகவரி வையுங்கள், ரிப்போர்ட் போகும் முகவரியைக் கெடுக்காதீர்கள் என்று லேப்பில் சர்வர் பார்க்கும் பெண் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

தனி முகவரியை எவன் திறப்பான்? ரிப்போர்ட் முகவரி என்றால்தான் ஜனங்கள் பதறியடித்துத் திறப்பார்கள். அந்தப் பதற்றம்தான் அவனுக்குப் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்தது.

ஸ்பாம் பெட்டியைத் திறந்தான். அவன் எழுதிய தலைப்புகளே வரிசையாக நின்றன. 'உங்கள் உடல் ஏதோ சொல்கிறது!' 'தாமதம் ஆபத்து!'

நடுவில் ஒன்றில் மட்டும் ஆச்சரியக்குறி இல்லை.

அக்காவின் பெயர். கழுத்துக் கட்டியின் திசுப் பரிசோதனை. போன மாதத் தேதி. புற்று. உடனே மருத்துவரைப் பார்க்கவும்.

தேதியை இன்னொரு முறை பார்த்தான்.

ஏதாவது இருந்தால் மெயில் வரும், வராவிட்டால் நிம்மதியாகத் தூங்கு என்று சாம்பிள் கொடுத்த அன்று அவளிடம் சொன்னவன் அவன்தான். அவளும் நம்பித் தூங்கினாள்.

முதலில் அக்கா செத்துப்போவாளோ என்று பயந்தான். அடுத்த நொடியே, அக்கா வீட்டுக்காரர் இந்தத் தேதியைப் பார்த்தால் என்னாகும் என்று பயந்தான். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது.

எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, 'நிரந்தரமாக நீக்கு' என்பதை அழுத்தினான். லேப்பில் இருக்கும் நகலையும் காலையில் அழித்துவிடலாம்.

அக்கா டீயோடு வந்தாள்.

"அக்கா, அந்தக் கழுத்து டெஸ்ட்... சாம்பிள் கெட்டுப்போச்சாம். நாளைக்கு வந்து இன்னொரு தடவை குடுத்துடேன்."

அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

"ஆள் பிடிக்க நான்தான் கிடைச்சேனா? சரி வர்றேன், பாதி விலைக்குப் போட்டுக் குடு."