கேட்டுச் சொல்லுங்க

"இன்னைக்கு இடமும் புதுசு, சத்தமும் புதுசு. கேட்டுச் சொல்லுங்க" என்று ஜெரோம் ஆரம்பித்தபோது நேரலையில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள்.

பழைய தளமாக இருந்தால் இந்நேரம் நானூறு பேராவது வந்திருப்பார்கள்.

ஜெரோம் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறார். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஞாயிறுதோறும் ஊருக்குள் எங்கேயாவது போய் நின்று ஃபோனை நீட்டுவார். அது என்ன சத்தம் என்று கேட்கிறவர்கள் சொல்ல வேண்டும். யாராவது சரியாகச் சொல்லும்வரை அவர் வாயைத் திறக்கமாட்டார். அதுதான் விளையாட்டு.

பூ மார்க்கெட்டில் ஈரச் சாக்கு உதறும் சத்தம். பேகம்பூரில் தோல் ஊறும் மர டிரம் உருளும் சத்தம். சிறுமலை பஸ் வளைவில் திணறிக் கியர் மாற்றும் சத்தம். இரண்டு வருடத்தில் நாலாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள்.

பிறகு அந்தத் தளம் திருந்தியது. பேசுகிறவர் குரலைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று முடிவு செய்து, தானாகவே துடைத்தெடுக்கத் தொடங்கியது.

போன மாதம் பஸ் ஸ்டாண்டின் நடுவில் அரைமணி நேரம் ஃபோனை நீட்டிக்கொண்டு நின்றார். கேட்டவர்களுக்கு அவர் இருமியது மட்டும்தான் கேட்டதாம்.

அதற்கப்புறம் பத்து நாளாக வீட்டில் இதே வேலை. ஜெரோம் உள்ளறையில் சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டு, ஒவ்வொரு ஆப்பாக நேரலை போனார். அடுப்படியில் அவர் மனைவி நான்சி இன்னொரு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

முதல் ஆப்பில் கடிகாரம் கேட்கவே இல்லை.

இரண்டாவது, முகத்தை வட்டத்துக்குள் காட்டச் சொன்னது. எங்கே இருக்கிறது வட்டம்? ஏழு தடவை முயன்றுவிட்டு விட்டார்.

மூன்றாவதில், திரையில் இருப்பதை அவருக்கு வாசித்துச் சொல்லும் ஃபோன் குரல், எதைத் தொட்டாலும் "பொத்தான்" என்று மட்டும் சொன்னது. ஒரு பொத்தானை நம்பி அழுத்தினார். கணக்கே அழிந்துபோனது. நான்சி சிரித்த சிரிப்பில் அன்றைக்கு அடுப்பில் இருந்த வெஞ்சனம் கருகியது.

நான்காவது, பாட்டுப் பாடுகிறவர்களுக்காக வந்த சின்ன ஆப். சத்தம் எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்பும் என்றார்கள். ஜெரோம் ஃபோனைத் தூக்கிப் பிடித்து மூச்சை அடக்கிக்கொண்டார்.

"கேக்குதுங்க! டிக் டிக்னு அம்புட்டுத் தெளிவா கேக்குது!" நான்சி கரண்டியோடு உள்ளே ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. "ஆனா அந்த நாலாயிரம் பேரு?"

"வர்றவங்க வரட்டும். செவ்வாக்கிழமைக்கு இது போதும்."

இன்று செவ்வாய்க்கிழமை.

முதலில் மின்விசிறி கேட்டது. அப்புறம் ஒரு நாற்காலி இழுபட்டது. கொஞ்ச நேரம் வெறும் கரகரப்பு.

பிறகு அது வந்தது. வேகமாக, ஒரே சீராக, எங்கேயோ அவசரமாகப் போவதுபோல.

பதில்கள் குவிந்தன. ஒரு காதில் மாட்டியிருந்த இயர்போனில் ஃபோன் குரல் வரிசையாக வாசித்தது.

குதிரை ஓடுது என்றார் அஸ்பாக். சின்னாளபட்டித் தறி என்றார் ஒருவர். வடமதுரையைத் தாண்டும் ரயில் என்றார் இன்னொருவர். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் மீரான், "எங்க டிரம் இல்ல சார். அது இம்புட்டு வேகமா ஓடாது" என்று எழுதினார்.

ஜெரோம் ஃபோனை இன்னும் கொஞ்சம் நீட்டினார். சிரித்துக்கொண்டே இருந்தார்.

"சார், உங்க மூச்சும் சேந்து கேக்குது. அழுறீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். இந்த ஆப் எதையும் துடைப்பதில்லை.

அப்போது சிறுமலையிலிருந்து பழனியம்மாள் நேரலைக்குள் வந்தார். மலை ஊர்களில் முப்பது வருடம் நர்ஸாக நடந்து ஓய்வு பெற்றவர். சிக்னல் கிடைக்கிற நேரம் மட்டும் வருவார். இதுவரை ஒரு சத்தத்தையும் சரியாகச் சொன்னதில்லை.

"அப்பு, இது வயித்துப் புள்ளையோட நெஞ்சு துடிக்கிற சத்தம். எத்தன மாசம்?"

ஃபோன் குரல் அதையும் மற்றவற்றைப் போலவே ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தது.

விளையாட்டுப்படி "சரி" என்று ஜெரோம் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக நான்சி பக்கம் திரும்பி, "எத்தன மாசம்னு கேக்குறாங்க" என்றார்.

ஸ்கேன் எடுத்தபோதெல்லாம் சொந்தக்காரர்கள் படத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். இது தலை, இது கால் என்று அவருக்கு விளக்கிச் சொன்னார்கள். அவரும் கேட்டுக்கொண்டார். இன்றைக்குத்தான் தன் பிள்ளையை அவரே நாலு பேருக்குக் காட்டுகிறார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த நான்சி தலையைத் தூக்கி ஃபோனைப் பார்த்துப் பேசினார்.

"ஏழு மாசம்க்கா. கல்யாணமாகிப் பதினோரு வருசம் கழிச்சு."

இரண்டு நிமிடம் மட்டும்தான் என்று சொல்லித்தான் டாக்டரம்மா அனுமதி கொடுத்திருந்தார். வெளியே அடுத்த டோக்கனுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

டாக்டரம்மா கருவியை நான்சியின் வயிற்றிலிருந்து எடுக்காமலே கையைக் காட்டினார்.

"செத்த நேரம் இருக்கச் சொல்லும்மா. இதக் கேக்க இன்னும் ஆளுக வந்துக்கிட்டிருக்காக."