படியில் ஒன்றும் கிடக்கவில்லை

சித்தியின் குரலுக்கு முன்னால் அவள் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஹெட்போனில் ஓடிய பதிவில் சித்தி இன்னும் மூச்சுதான் இழுத்திருந்தாள். அதற்குள் அடுத்த வாக்கியம் திரையில் வந்து விழுந்துவிட்டது.

தூக்கக் கலக்கம் என்றுதான் முதலில் நினைத்தாள். கல்லூரியில் சேர்ந்து ஒரு பருவம்கூட முடியவில்லை, கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போல் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்ததை எழுதினால் போதும். இங்கே எங்கே படித்தாய், யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று வேர்வரை தோண்டச் சொல்கிறார்கள். அடிக்குறிப்பு போட்டுப் போட்டே இடுப்பு ஒடிந்தது.

மறுபடி ஓடவிட்டாள்.

“மாடிப்படி சுத்தமாத்தான் இருந்துச்சு. படியில ஒண்ணும் கிடக்கல. அவருக்குத்தான் திடீர்னு தலை சுத்திடுச்சு.”

தூக்கக் கலக்கம் இல்லை. முந்தாநாள் அம்மா சொன்னதும் இதையேதான். சொல் மாறவில்லை. ‘தலை சுத்திடுச்சு’ என்பதற்கு முன்னால் அம்மா எங்கே எச்சில் விழுங்கினாளோ, அங்கேயே சித்தியும் விழுங்கியிருந்தாள்.

ஆய்வுமுறை வகுப்புக்கான பயிற்சி அது. குடும்பத்தில் நடந்த ஒன்றை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். இதில் நீ என்ன கற்றுக்கொண்டாய் என்று கடைசியில் ஒரு பக்கம். நாளைக் காலை கொடுத்தாக வேண்டும்.

மற்றவர்கள் வீடு மாறியதையும் மாமா ஓடிப்போய்க் கல்யாணம் செய்ததையும் எடுத்துக்கொள்ள, இவள் அப்பா மாடிப்படியில் விழுந்து இறந்த நாளை எடுத்துக்கொண்டாள். அப்போது இவளுக்கு நான்கு வயது. அப்பாவின் முகமே சரியாக நினைவில்லை. மதிப்பெண்ணும் ஆயிற்று, அப்பாவைப் பற்றிக் கேட்டதாகவும் ஆயிற்று என்று நினைத்தாள்.

“பரீட்சையில ரெண்டு பேர் பேப்பர்ல வரி மாறாம ஒரே பதில் இருந்தா, ரெண்டு பேரும் நல்லாப் படிச்சிருக்காங்கன்னா அர்த்தம்?” என்று மேடம் வகுப்பில் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள்.

சாட்சியும் அப்படித்தான் என்றார் மேடம். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால், அங்கேயே நில்லுங்கள்.

படியில் ஏதாவது கிடந்ததா என்று இவள் யாரையும் கேட்கவே இல்லையே.

அப்பா விழுந்தபோது அம்மா எங்கே நின்றாள்? கீழேயா, மேலே அவருக்குப் பின்னாலா?

இப்படி ஒரு கேள்வி தனக்கு வந்ததே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. வந்த பிறகு போகவும் மாட்டேன் என்றது.

கதவு திறந்தது. ஆஸ்பத்திரிச் சலவை வேலை முடிந்து அம்மா வந்தாள், விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து. செருப்பைக் கழற்றி அலமாரித் தட்டில் ஏற்றினாள். நாற்காலியோரம் கிடந்த மகளின் பையை எடுத்து ஆணியில் மாட்டினாள். அந்த வீட்டில் தரையில் ஒரு பொருள் கிடக்கக் கூடாது. இவளுக்குத் தெரிந்து எப்போதுமே அப்படித்தான்.

“இன்னுமா முடியல? என்னமோ டாக்டர் பட்டம் வாங்குற மாதிரியில்ல உக்காந்திருக்கே.”

“அம்மா, படியில ஒண்ணும் கிடக்கலன்னு சொன்னியே. நான் அதைக் கேக்கவே இல்லையே. ஏன் சொன்னே?”

அம்மா துண்டால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“சொன்னேன், அவ்வளவுதான். இதெல்லாமாடி ஒரு படிப்பு? பேசாம தலைப்பை மாத்து. உங்க சித்தி சைக்கிள் கத்துக்கிட்ட கூத்தை எழுது. உங்க மேடத்துக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்.”

அம்மாவின் கண்ணில் பயம் இருந்தது. ஆனால் மாட்டிக்கொண்டவளின் பயம் இல்லை அது. சாலையில் இறங்கிவிட்ட குழந்தையைப் பார்க்கிறவளின் பயம்.

படியில் அப்படி என்னதான் கிடக்கும்? செருப்பு. வாளி. ஈரத்துணி.

இவளுடைய வலது ஆள்காட்டி விரல் தானாக மடங்கியது. எதையோ சுற்றிப் பிடித்துக்கொள்வதுபோல. கயிறு. சொரசொரப்பான கயிறு, நுனியில் ஒரு முடிச்சு.

“அம்மா, எனக்கு ஒரு மர வாத்து இருந்துச்சுல்ல? சக்கரம் வச்சது, கயிறு கட்டி இழுத்துக்கிட்டே போறது?”

“அப்படி ஒண்ணு உனக்கு வாங்கியே தரலையேடி.”

சட்டென்று வந்தது பதில்.

இவள் எழுந்து, சித்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சமையலறைக்குப் போனாள். குழாய் முழுவதுமாகத் திறந்திருந்தது, பாத்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. வெளியே பேசியது சித்தியின் காதில் விழுந்திருக்க வழியே இல்லை. பின்னால் நின்று அதே கேள்வியைக் கேட்டாள்.

தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

“அப்படி ஒண்ணு உனக்கு வாங்கியே தரலையேடி,” என்றாள் சித்தி, திரும்பாமல்.

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

திரும்பி வந்தபோது அம்மா அதே இடத்தில் நின்றிருந்தாள், துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு. எவ்வளவு சின்னதாக இருக்கிறாள் அம்மா என்று தோன்றியது. நான்கு வயதுக்காரி படியில் விட்டுவிட்டு வந்ததை இத்தனை வருடமாக அவள் கண்ணில் படாமல் மறைத்து வைத்தவள்.

இரண்டு பதிவுகளையும் அழித்தாள். அழித்த விரல் மட்டும் மடங்கியபடியே இருந்தது.

“சித்தி யாரோட சைக்கிள்ல கத்துக்கிட்டாங்க?” என்று கேட்டாள். “உக்காரும்மா. முதல்லேர்ந்து சொல்லு, எழுதிக்கிறேன்.”