சுவருக்குள் ஆறு

மாடிவீட்டுக் குளியலறைச் சுவருக்குள், சிமெண்டோடு சிமெண்டாக இறுகிக் கிடந்தது ஒரு பொடி ஆற்றுமணல். பக்கத்துக் குழாயில் தண்ணீர் ஓடும்போதெல்லாம் அதற்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டது.

"ஏ தண்ணி, உனக்கு எந்த ஆறு?"

தண்ணீர் ஆற்றின் பெயரைச் சொன்னதும் மணல் கூவியது. "அட, நானும் அங்கதான்! என்னை லாரியில அள்ளிட்டு வந்துட்டாங்க."

"என்னை மோட்டார் வச்சு இழுத்துட்டாங்க."

"அப்போ அங்க இப்ப யாருதான் இருக்கா?"

தண்ணீர், குழாயில் இருந்த சின்ன விரிசல் வழியாகக் கசிந்து வந்து, மணலைக் கட்டிக்கொண்டது.

மறுநாள் வீட்டுக்கார அம்மா சுவரைத் தடவிப் பார்த்தார். "என்னங்க, இங்க ஓதம் ஏறுது. பிளம்பரை வரச் சொல்லுங்க."

பிளம்பர் வரும்வரை அந்தச் சுவரில், ஒரு சாண் அகலத்துக்கு, ஆறு இருந்தது.