விமானப் படம் போட்ட பெட்டி

"வெளிநாட்டுக் கிருமி வண்டிடா! கேட்டை இழுத்துச் சாத்துங்க!"

வேனின் பின்கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தவர் போட்ட கூச்சலில், தெருமுனை இரும்புக் கதவு மடாரென்று மூடிக்கொண்டது. கிருமிக்குப் பயந்தவர் செய்கிற காரியமா அது! ஆனால் உள்ளே இருந்த வெள்ளைப் பெட்டியின் மேல் விமானப் படம் போட்ட ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிந்ததே, அது போதாதா?

ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். மணி பதினொன்று நாற்பது. "அக்கா, பன்னண்டரைக்குள்ள லேப்ல சேர்த்துடுங்க. அதுக்கு மேல ஐஸ் தாங்காது. காய்ச்சல் இறங்காத ஒரு குழந்தையோட சளிக் குப்பியும் இதுல இருக்கு. ரிசல்ட்டைப் பார்த்துதான் டாக்டர் மருந்தையே முடிவு பண்ணணும்" என்று நர்ஸ் சொல்லித்தான் பெட்டியைக் கொடுத்திருந்தாள்.

தெருவாசிகள் சங்கச் செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முகத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம். காலையிலிருந்து அரிக்கும் மூக்கைத் தேய்த்துக்கொள்வதற்காக இரண்டையும் அடிக்கடி தாடைக்கு இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ டிவியே பார்க்கறதில்லையா? ஒருத்தன் தும்மினா போதும். அவன் ஒரு ஃபிளைட் ஏறினா போதும். ஒரே வாரத்துல உலகமே காலி! அதைப் பெட்டியில போட்டு எங்க தெரு வழியா எடுத்துக்கிட்டுப் போறியா?"

"பெட்டிக்குள்ள பெட்டி, அதுக்குள்ளதான் சார் குப்பி. எல்லாம் சீல் வச்சது. கதவைத் திறங்க, அடுத்த நிமிஷம் போயிடறேன்."

"அப்போ அந்த ஃபிளைட் படம்?"

"பெட்டி பழசு சார். முன்னாடி ஏர்போர்ட்ல எதுக்கோ வச்சிருந்தாங்க. ஸ்டிக்கர் உரியவே மாட்டேங்குது."

"நல்லா காது குத்தறா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"சரி, இது யாரோடது? எங்கிருந்து வருது? அதைச் சொல்லு பார்க்கலாம்" என்று செயலாளர் மடக்கினார்.

யாருடைய சளி, எந்த வட்டாரம் என்று மூச்சுவிடக் கூடாது. இந்த வேலையில் முதல் விதியே அதுதான். முன்பு ஒருத்தி வாய் தவறி உளறப்போய், ஒரு குடும்பத்தைத் தண்ணீர் பிடிக்கக்கூட விடாமல் துரத்திவிட்டார்கள். அந்த அம்மாவின் அழுகை இவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

"சொல்ல மாட்டேன் சார். நீங்க தலைகீழா நின்னாலும் சொல்ல மாட்டேன்."

"பார்த்தீங்களா! திருட்டு முழியைப் பார்த்தீங்களா!"

செயலாளரின் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள். "மூணு நாளா என் புள்ளை அனலா கொதிக்குது. இதுல இந்தச் சனியன் வேறயா? இதை ஒரு அடி நகர விடாதீங்க மாமா!"

ஓட்டுநருக்குச் சுருக்கென்றது. "எத்தனை வயசும்மா புள்ளைக்கு?"

"நாலு. உனக்கெதுக்கு அது?"

ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு. அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தா பாருங்க, கதவு திறக்காம நான் நகர மாட்டேன். போலீஸைக் கூப்பிடுங்க, டிவிக்காரங்களைக் கூப்பிடுங்க, யாரை வேணும்னாலும் கூப்பிடுங்க. இந்தக் கிருமியைத் தினம் மடியில கட்டிக்காத குறையா சுமக்கறவ நான். எனக்கு இல்லாத பயமா உங்களுக்கு? பயப்படறது தப்பில்ல. பயந்துக்கிட்டு வழியை மறிக்கறதுதான் தப்பு!"

"அந்தப் பக்கமா சுத்திப் போயேன்!"

"சுத்தினா ஒன்றரை மணி நேரம். ஐஸ் உருகிடும். அப்புறம் அந்தக் குழந்தைக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா?"

"எந்தக் குழந்தைக்கோ நாங்க ஏன் பதில் சொல்லணும்?" செயலாளர் எகிறினார். "எங்களுக்கே பாடம் நடத்தறியா? சுத்தத்துல எங்க தெருவை அடிச்சுக்க ஆளே கிடையாது, தெரிஞ்சுக்கோ! கேட்டுல சோப்பு, தினம் மருந்துத் தண்ணி, இன்னைக்குக் காலையில மண்டபத்துல ஒரு வீடு விடாம மூக்குல குச்சி விட்டு டெஸ்ட். இங்க ஒரு கிருமி கிடையாது! ஒழுங்கா இந்தப் பெட்டியை எங்கிருந்து எடுத்தியோ, அங்கேயே கொண்டுபோய் வை!"

"அங்கேயே வை! அங்கேயே வை!" என்று தெருவே ஒரே குரலில் கத்தியது.

ஓட்டுநர் அவரை நிதானமாகப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா சார்?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எடுத்த இடத்துலயே வச்சாகணும். அவ்வளவுதான்!"

அவள் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தாள். கூட்டம் அலறியடித்துக்கொண்டு பத்தடி பின்வாங்கியது. செயலாளர் மட்டும் கெத்தை விடாமல் அங்கேயே நின்றார்.

பெட்டியை இரண்டு கையாலும் பத்திரமாகத் தூக்கி வந்து, அவருடைய செருப்புக்கு எதிரே மெதுவாக இறக்கினாள்.

"வச்சாச்சு, சார்."