கருப்பாகவே கிடக்கும் போன்

மூன்று விரல்களைச் சேர்த்து மூன்று தட்டு.

திரை அணைந்தது. அணைந்துவிட்டதென்று போனின் குரல் இயர்போன் வழியாகக் காதுக்குள் சொன்னது.

அவனுக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பிறவியிலேயே பார்வை இல்லாதவன். வெளிச்சம் போனது பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த அக்காவுக்குத்தான்.

"எபி, சார்ஜ் எறங்கிட்டா?"

"இருக்குக்கா."

ஐபோனுக்கு மாறிப் பதினோரு நாள் ஆகிறது. ஒன்பது வருடம் ஆண்ட்ராய்டில் ஊறிய விரல்கள் லேசில் வழிக்கு வரவில்லை. அதில் முந்தைய பக்கத்துக்குப் போக ஒரு விரலைக் கீழே இழுத்து இடப்பக்கம் திருப்பினால் போதும். இதில் இரண்டு விரலால் இங்குமங்கும் கிறுக்க வேண்டும். முதல் மூன்று நாள் புகுந்த இடத்திலிருந்து வெளியே வரத் தெரியாமல் திண்டாடினான். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன், ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கிறுக்கிப் பழகினான்.

நாலாம் நாள் இந்த மூன்று தட்டு பிடிபட்டது. போன் ஓடிக்கொண்டே இருக்கும், திரை மட்டும் கருப்பாகக் கிடக்கும்.

அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் அவன் குளித்துவிட்டு வருவதற்குள் போன் காணாமல் போயிருந்தது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு, வாங்கின முருகன்குறிச்சிக் கடைக்கே போய்விட்டாள். செத்த போனைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று ஒரு பிடி பிடித்திருக்கிறாள். கடைக்காரருக்கும் அதை எழுப்பத் தெரியவில்லை. மாற்றித் தருகிறேன் என்று பாவம், ஒத்துக்கொண்டே விட்டார்.

"அது அப்பிடித்தான்க்கா. சார்ஜ் மிச்சம்" என்றான் அவன்.

பொய்தான். பாதிப் பொய்.

அக்காவை ஏமாற்ற வேண்டும் என்று அவனுக்கு ஆசையா என்ன? அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாம் அவள்தான். தபால், மாத்திரை அட்டை, கரண்டு பில், மாணவர்களின் விடைத்தாள், எல்லாவற்றையும் அவள் கண்தான் அவனுக்கு வாசித்தது. அந்தப் பழக்கத்தில் அவன் போனையும் வாசித்தாள். போனே வாய் திறந்து சொல்லும் என்று தெரிந்தும், அதற்கு முன்னால் வாசித்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒருத்தி, சாப்பிட்டீங்களா என்று கேட்டு அனுப்பியிருந்தாள். அதையும் அக்காதான் முதலில் பார்த்தாள்.

"கண்ணு தெரிஞ்ச புள்ள ஒன்ன எதுக்குத் தேடி வாரா? நல்லா யோசி."

அவன் யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

இந்த முறை பெனிட்டா. கல்லூரி நூலகர். இவளைப் பற்றி அவன் யோசிக்க வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. அக்காவிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதைத்தான் இரண்டு மாதமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

காதுக்குள் அவள் பெயர் ஒலித்தது. புதுச் செய்தி. இதுவரை கல்லூரியில் நேரில் பேசியதோடு சரி, போனில் அவள் எழுதியது இதுதான் முதல்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிஞ்சதும் அப்பாவக் கூட்டிட்டு வரவா? அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?

அக்கா மீனை அலசுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். சேலை உரசும் சத்தத்திலேயே தெரிந்தது. அவளுக்குக் கிடைத்தது வெறும் கருப்பு. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பவும் மீனுக்குப் போனாள்.

அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு வந்த ஒன்றை அவன் மட்டும் படித்திருக்கிறான். முப்பத்தாறு வயதில். உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஏறி இறங்கியது.

விரலை வைத்தான். ஒவ்வோர் எழுத்தாகக் காது சொல்லச் சொல்ல, அக்காவின் முழங்கை தன் தோளில் இடிக்க இடிக்க, அடித்தான். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

வாங்க. அக்காவுக்குத் தெரியும்.

அனுப்பியும் விட்டான்.

இனிமேல் அதை உண்மையாக்கியாக வேண்டும். இப்போதே, இந்த மீன் சட்டிக்கு எதிரிலேயே. அவனுக்குப் பயம் இல்லை. அக்கா அழுதால் என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

மூன்று விரல். மூன்று தட்டு. திரை எரிகிறதென்று குரல் சொன்னது.

"அக்கா, இந்தா. பாரு."

கை கழுவும் சத்தம் கேட்டது. ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அவள் வாசிக்கப் போடும் மூக்குக்கண்ணாடி மேசைமேல்தான் இருந்தது. அவள் எழுந்து போய் எடுத்தாளா என்று அவன் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் இல்லை.

போன் அவன் உள்ளங்கைக்கே திரும்பி வந்தது. மீன் வாடையோடு, லேசான ஈரத்தோடு.

"நீயே வாசி. நான் கேக்கேன்."

அவன் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினான்.

அவன் வைத்திருக்கும் வேகத்தில் அந்தக் குரல் பேசினால் வேறு யாருக்கும் ஒரு சொல்லும் விளங்காது. இரண்டு விரலால் திருகி வேகத்தைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். அக்கா நிதானமாகக் கேட்கிற அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான்.

பிறகு, பெனிட்டாவின் பெயரிலிருந்து ஆரம்பித்தான்.